பிரிட்டன் ஸ்பவுஸ் விசா: போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

கல்யாணம் முடிந்து ஒருவர் லண்டனுக்கோ லெஸ்டருக்கோ திரும்பிவிட்டார். மற்றவர் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கிறார். கணவனோடோ மனைவியோடோ பிரிட்டனில் சேர்ந்து வாழ்வதற்கான ஸ்பவுஸ் விசாவுக்குக் கைரேகை கொடுத்தாயிற்று, பணமும் கட்டியாயிற்று. அதன்பின் கிணற்றில் போட்ட கல்லாக ஒரு சத்தமும் இல்லை. இந்த நிலையில் இருக்கும் தம்பதிகள், லண்டனில் வார இறுதித் தமிழ்ப் பள்ளி வாசல்களிலும் கல்யாண வீட்டுப் பந்திகளிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். தொகைகளும் விதிகளும் 2025-இல் இருந்தபடி. ஏப்ரல் வந்தால் கட்டணம் ஏறுவது வழக்கம் என்பதால், புதிதாக விண்ணப்பிப்பவர்கள் அரசு இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

எத்தனை வாரம் ஆகும்? எந்த நாளிலிருந்து எண்ணுவது?

ஆன்லைனில் ஃபாரம் அனுப்பிய நாளை வைத்து எண்ணக் கூடாது. விண்ணப்பங்களை வாங்கும் தனியார் நிறுவனமான விஎஃப்எஸ்-இன் மையத்துக்குப் போய் கைரேகையும் போட்டோவும் கொடுத்த நாளிலிருந்துதான் கணக்கு. வெளிநாட்டிலிருந்து போடும் குடும்ப விசாவுக்கு 2022-இல் இந்தக் கெடு 24 வாரமாக நீண்டது. பிறகு பழையபடி 12 வாரத்துக்கு வந்தது. 12 வாரம் என்றால் ஏறத்தாழ 60 வேலை நாட்கள். கிறிஸ்துமஸ், ஈஸ்டர் விடுமுறைகள் இடையில் வந்தால் அவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

500 பவுண்ட் கூடுதலாகக் கட்டினால் பிரயாரிட்டி சேவை, இலக்கு 30 வேலை நாட்கள். இலக்கு என்றுதான் சொல்கிறார்கள், உத்தரவாதம் என்று சொல்வதில்லை. விண்ணப்பத்தில் ஏதாவது உறுத்தினால் பிரயாரிட்டி ஃபைலும் வரிசையில் நிற்கும். சம்பளமும் பத்திரங்களும் நேராக இருப்பவர்களுக்கு அந்தக் காசு பிரயோஜனப்படும். சிக்கலான கேஸுக்கு, என் கணிப்பில், அதே 500 பவுண்டை நல்ல வக்கீலிடம் கொடுப்பது மேல்.

இந்த நேரத்தில் உள்ளே என்னதான் நடக்கிறது?

விஎஃப்எஸ் ஆட்களுக்கு முடிவில் எந்தப் பங்கும் இல்லை. வாங்குவது, ஸ்கேன் செய்வது, அனுப்புவது, அவ்வளவுதான். குடும்ப விசா ஃபைல்கள் பெரும்பாலும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் இருக்கும் முடிவெடுக்கும் மையத்துக்குப் போகின்றன. அங்கே ஒரு அதிகாரி கையில் எடுக்கும்வரை ஃபைல் சும்மா வரிசையில் கிடக்கிறது. காத்திருப்பின் பெரும்பகுதி இந்த வரிசைதான். உங்கள் கல்யாண ஆல்பத்தை மூன்று மாதமாக யாரும் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கையில் எடுத்த பிறகு சம்பளத்தை வரித்துறைப் பதிவோடு ஒப்பிடுவார்கள். வங்கிக் கணக்கு, தங்குமிடம், ஆங்கிலச் சான்றிதழ், காசநோய்ச் சான்றிதழ், உறவுக்கான ஆதாரம் எல்லாவற்றையும் பார்ப்பார்கள்.

ஏதாவது ஒரு தாள் குறைந்தால் மின்னஞ்சலில் கேட்கக்கூடும், கெடு குறுகியதாக இருக்கும். ஸ்பேம் பெட்டியை இரண்டு நாளுக்கு ஒருமுறையாவது திறந்து பாருங்கள். ஏஜென்ட் தன் மின்னஞ்சல் முகவரியைப் போட்டு ஃபாரம் நிரப்பியிருந்தால் அவருடைய பெட்டிக்குத்தான் கடிதம் வரும். அதன் பாஸ்வேர்டு உங்களிடம் இல்லையென்றால் இன்றே கேட்டு வாங்குங்கள்.

“உங்கள் விண்ணப்பம் சிக்கலானது, கூடுதல் நேரம் தேவை” என்று மெயில் வந்திருக்கிறது. ரிஜெக்டா?

இல்லை. இந்த மெயில் வந்ததும் இரண்டு வீட்டிலும் வயிற்றில் புளியைக் கரைக்கும். ஆனால் கெடுவுக்குள் முடிக்க முடியாத ஃபைல்களுக்கு அனுப்பும் அச்சடித்த கடிதம்தான் அது. முன்பு ஒருமுறை விசா மறுக்கப்பட்டது, பழைய விவாகரத்து, சுயதொழில் கணக்கு, யாரோ ஒருவர் பதில் சொல்லாத ஒரு சரிபார்ப்பு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். இதற்குப் பிறகு விசா கிடைத்தவர்கள் நிறையப் பேர். இந்த மெயிலுக்குப் பதிலாகப் புதிதாக இருபது தாள்களை அனுப்பாதீர்கள். கேட்டதை மட்டும் கொடுங்கள்.

சம்பளம் 29,000 பவுண்ட் இருந்தால் போதுமா? எதை எதைக் கணக்கில் எடுப்பார்கள்?

காத்திருப்பவர்களின் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த எண்தான். துணையை அழைப்பவருக்கு இருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆண்டு வருமானம் இது. 2012 ஜூலையில் 18,600 பவுண்டாக வந்தது, 2024 ஏப்ரல் 11 முதல் 29,000. படிப்படியாக 38,700 வரை உயர்த்தும் திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. 2024 ஏப்ரல் 11-க்கு முன் விண்ணப்பித்து இந்த வழியில் வந்தவர்கள், அதே துணையோடு நீட்டிப்புப் போடும்போதும் பழைய 18,600-இலேயே இருக்கிறார்கள்.

29,000 என்பது வரி பிடிப்பதற்கு முந்தைய ஆண்டுச் சம்பளம். மாதத்துக்குச் சுமார் 2,417 பவுண்ட். ஒரே முதலாளியிடம் ஆறு மாதமாக நிரந்தர மாதச் சம்பளம் வாங்குபவருக்கு, அந்த ஆறு மாதத்தில் எந்தச் சம்பளம் மிகக் குறைவோ அதைத்தான் எடுப்பார்கள். ஐந்து மாதம் அதிகமாக வாங்கி ஒரு மாதம் குறைந்திருந்தால் அந்த ஒரு மாதம் காலை வாரிவிடும். மணிக்கூலிக்காரருக்குச் சராசரி. இரண்டு பகுதிநேர வேலைகளையும் கூட்டலாம். பே ஸ்லிப்பும் வங்கியில் விழுந்த தொகையும் மாதாமாதம் பொருந்த வேண்டும். கடையிலும் பெட்ரோல் நிலையத்திலும் கையில் வாங்கும் காசு, பே ஸ்லிப் இல்லாமல், வங்கிக்குள் நுழையாமல் இருந்தால், எவ்வளவு உழைத்திருந்தாலும் கணக்கில் வராது.

ஊரில் இருக்கும் மனைவி சென்னை ஐடி கம்பெனியில் நல்ல சம்பளம் வாங்குகிறாரா? வெளிநாட்டிலிருந்து போடும் விண்ணப்பத்தில் அந்தச் சம்பளம் சேராது. இது பலருக்கு நம்ப முடியாத செய்தி. ஆனால் அவர் பெயரில் வாடகைக்கு விட்ட வீடு இருந்தால் அந்த வாடகை சேரும்.

சம்பளம் குறைந்தால் சேமிப்பைக் காட்டலாம். கணக்கு இப்படி: குறையும் தொகையை இரண்டரையால் பெருக்கி, அதோடு 16,000-ஐக் கூட்ட வேண்டும். 4,000 பவுண்ட் குறைந்தால் 26,000 பவுண்ட் சேமிப்பு. சம்பளமே இல்லையென்றால் 88,500. பணம் உங்கள் கட்டுப்பாட்டில் ஆறு மாதம் இருந்திருக்க வேண்டும். மாமனார் அன்பளிப்பாகக் கொடுத்ததும் சரிதான், கடனாக இருக்கக் கூடாது, ஆறு மாதம் கணக்கில் கிடந்திருக்க வேண்டும். லாக்கரில் இருக்கும் கல்யாண நகை எத்தனை சவரனானாலும் சேமிப்பு ஆகாது.

லண்டனில் இருப்பவர் பிப் போன்ற மாற்றுத்திறனாளி உதவித்தொகையோ நோயாளியைப் பராமரிப்பவருக்கான கேரர்ஸ் அலவன்ஸோ வாங்குபவர் என்றால் இந்த 29,000 அவருக்குப் பொருந்தாது. வேறு, எளிய அளவுகோல் உண்டு.

காத்திருக்கும்போது வேலை மாறலாமா?

வருமானத்தை விண்ணப்பித்த நாளை வைத்துத்தான் பார்க்கிறார்கள். ஆனாலும் முடிவு வரும்வரை நீங்களாக வேலையை விடாதீர்கள். சரிபார்க்க அழைக்கும்போது “அவர் இப்போது இங்கே இல்லை” என்று பழைய முதலாளி சொன்னால் தேவையில்லாத கேள்விகள் எழும். வேலை போய்விட்டால் மறைக்க வேண்டாம். சூழ்நிலை மாறினால் சொல்ல வேண்டிய கடமை உண்டு. எப்படிச் சொல்வது என்பதை வக்கீலிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். வீடு மாறினாலும் அப்படியே. புது வாடகை ஒப்பந்தத்தைத் தயாராக வைத்திருங்கள்.

பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், கல்யாணச் சான்றிதழில் முன்னெழுத்தோடு ஒரு பெயர். பிரச்சினை வருமா?

தமிழர் ஃபைல்களுக்கே உரிய தலைவலி இது. பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் முன்னெழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர் குடும்பப் பெயராக, ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுச் சான்றிதழில் இரண்டும் இடம் மாறி, கல்யாணச் சான்றிதழில் வேறொரு எழுத்துக்கூட்டல். நமக்கு ஒரே ஆள். ஷெஃபீல்டில் உட்கார்ந்திருப்பவருக்கு நான்கு பேர். பிறந்த தேதியும் பெற்றோர் பெயரும் பொருந்தினால் பெரும்பாலும் கடந்துவிடும். இந்த வெவ்வேறு வடிவங்களெல்லாம் ஒருவரையே குறிக்கின்றன என்று நோட்டரி முன் எடுத்த பிரமாணப் பத்திரம் ஒன்றை முதலிலேயே இணைத்திருந்தால் நிம்மதி. இணைக்கவில்லையென்றால் தயாராக எடுத்து வைத்திருங்கள், கேட்டால் அன்றே அனுப்பலாம்.

கோயிலில் கொடுத்த ரசீதை மட்டும் நம்பியவர்கள் உஷார். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்ய வேண்டும்; சார்பதிவாளர் அலுவலகச் சான்றிதழ்தான் இங்கே எடுபடும். தமிழிலோ சிங்களத்திலோ இருக்கும் ஆவணங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் கையெழுத்திட்ட ஆங்கில வடிவம் வேண்டும். ஜாதகத்தை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. சிரிக்காதீர்கள், ஒருவர் நிஜமாகவே கேட்டார்.

பெற்றோர் பார்த்து வைத்த கல்யாணம், பழகியதே சில வாரம்தான். நம்புவார்களா?

பெற்றோர் பார்த்த கல்யாணம் ஒரு குறையே அல்ல. விதி கேட்பது: இருவரும் நேரில் சந்தித்திருக்க வேண்டும், உறவு உண்மையானதாக இருக்க வேண்டும், சேர்ந்து வாழும் எண்ணம் இருக்க வேண்டும். நிச்சயதார்த்தம், கல்யாணம், சேர்ந்து போன பயணம், இரு வீட்டாரோடும் எடுத்த படங்கள், விமான டிக்கெட், மாதம் ஒன்றிரண்டாகத் தேர்ந்தெடுத்த வாட்ஸ்அப் உரையாடல்கள், அழைப்புப் பட்டியல் இவை போதும். அறுநூறு பக்கச் சாட்டை அச்சடித்து அனுப்பினால் படிப்பவர் எரிச்சலாவார். “சாப்பிட்டியா” என்பதை எத்தனை தடவைதான் மொழிபெயர்ப்பது?

காத்திருக்கும் மாதங்களிலும் அழைப்புகளை, பயணங்களைப் பத்திரமாக வைத்திருங்கள். மறுத்துவிட்டால் மேல்முறையீட்டில் இந்த மாதங்களின் ஆதாரம்தான் பேசும்.

தலைதீபாவளிக்கு விசிட் விசாவில் வரலாமா?

சட்டம் தடுக்கவில்லை. ஆனால் விசிட் விசா அதிகாரி கேட்கும் ஒரே கேள்வி “திரும்பிப் போவாரா?” என்பது. இங்கேயே குடியேற ஒரு விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது அந்தக் கேள்விக்கு நல்ல பதில் சொல்வது கடினம். மறுத்தால் அந்த மறுப்பும் ரெக்கார்டில் ஏறும், இனி நிரப்பும் ஃபாரங்களில் அதைச் சொல்ல வேண்டும். விசிட்டராக வந்துவிட்டு உள்ளேயே ஸ்பவுஸ் விசாவுக்கு மாறவும் முடியாது. லண்டனில் இருப்பவர் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போவதுதான் எல்லா வகையிலும் மலிவு.

நடுவில் கர்ப்பமானால்?

முதலில் வாழ்த்து. இதனால் விண்ணப்பம் கெடாது. குழந்தை எங்கே பிறக்கிறது, லண்டனில் இருப்பவரின் நிலை என்ன என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அவர் பிரிட்டனில் பிறந்தோ அங்கே குடியுரிமை விண்ணப்பித்து வாங்கியோ பிரிட்டிஷ் குடிமகன் ஆனவர் என்றால், குழந்தை சென்னையில் பிறந்தாலும் பிறப்பிலேயே பிரிட்டிஷ். விசா தேவையில்லை, பிரிட்டிஷ் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும், அதற்கும் நாளாகும். அவரே வெளிநாட்டில் பிறந்து பெற்றோர் வழியாகப் பிரிட்டிஷ் ஆனவர் என்றால் ஊரில் பிறக்கும் குழந்தைக்கு அது தானாகக் கடக்காது. நிரந்தர வதிவிட உரிமை மட்டும் உள்ளவர் என்றாலும் ஊரில் பிறக்கும் குழந்தைக்குத் தனி விண்ணப்பம் வேண்டும். இதே தம்பதிக்குக் குழந்தை பிரிட்டனில் பிறந்தால் எல்லா நிலையிலும் பிறப்பிலேயே பிரிட்டிஷ். பிரசவ நாளுக்கு முன் பயணம் முடியுமா என்பதை இந்தக் கணக்கோடு சேர்த்து யோசியுங்கள். இங்கே பிரயாரிட்டிக்கு ஒரு அர்த்தம் உண்டு.

சென்னை வேலையை எப்போது ராஜினாமா செய்வது?

விசா கையில் வந்த பிறகு. அதற்கு முன் வேண்டவே வேண்டாம். பல ஐடி கம்பெனிகளில் நோட்டீஸ் 90 நாள். பாஸ்போர்ட்டில் விசா ஸ்டிக்கர் ஒட்டி வந்தால், அதைக் கொண்டு பிரிட்டனுக்குள் நுழைவதற்கான ஆயுளும் 90 நாள். இரண்டும் ஒன்றோடொன்று முட்டும். இதைச் சமாளிக்க, ஃபாரத்தில் பயணத் தேதி கேட்கும் இடத்தில் மூன்று மாதம் தள்ளிக் கொடுப்பவர்கள் உண்டு. ஸ்டிக்கர் அந்தத் தேதியிலிருந்துதான் தொடங்கும். ஏற்கெனவே கிட்டத்துத் தேதி கொடுத்திருந்தால் நோட்டீஸைக் குறைக்க முடியுமா என்று மேலாளரிடம் இப்போதே பேச்சுக் கொடுத்து வையுங்கள். ஸ்டிக்கர் முறையே படிப்படியாக இணையத்தில் பதிவாக இருக்கும் ஈ-விசாவுக்கு மாறிவருகிறது, ஆகவே உங்கள் முடிவுக் கடிதம் எதைச் சொல்கிறதோ அதுவே கணக்கு.

காசநோய்ச் சான்றிதழின் ஆறு மாதம் காத்திருக்கும்போது முடிந்துபோனால் கவலை வேண்டாம். விண்ணப்பித்த நாளில் செல்லுபடியாக இருந்ததா என்பதுதான் கேள்வி. ஆங்கிலச் சான்றிதழுக்கும் அப்படியே.

கெடு தாண்டிவிட்டது. யாரைத் தட்டுவது?

கெடு முடியும் முன் தட்டிப் பயனில்லை, “பரிசீலனையில் உள்ளது” என்றுதான் பதில் வரும். தாண்டிய பிறகு லண்டனில் இருப்பவர் தன் தொகுதி எம்.பி.யின் அலுவலகத்துக்கு எழுதலாம். நீங்கள் ஓட்டுப் போட்டவரா, எந்தக் கட்சி என்பதெல்லாம் பொருட்டல்ல. அந்தத் தொகுதியில் குடியிருந்தால் போதும். பெயர், பிறந்த தேதி, விண்ணப்ப எண், கைரேகை கொடுத்த நாள், முகவரி இத்தனையும் ஒரே மின்னஞ்சலில் கொடுங்கள். எம்.பி. அலுவலகத்துக்கு உள்துறையோடு தனித் தொடர்பு வழி உண்டு. அவர்களால் முடிவை மாற்ற முடியாது. ஃபைல் எங்கே நிற்கிறது என்று கேட்டுச் சொல்ல முடியும், சில சமயம் அந்தக் கேள்வியே ஃபைலை நகர்த்தும்.

அதுவும் பலிக்காமல் மாதங்கள் ஓடினால் வக்கீல் மூலம் நீதிமன்றத்துக்கு முந்தைய நோட்டீஸ். அது கடைசிப் படி.

“உள்ளே ஆள் தெரியும், சீக்கிரம் முடித்துத் தருகிறேன்” என்கிறார் ஒருவர்.

யாருக்கும் உள்ளே ஆள் இல்லை. பிரிட்டனில் பதிவு இல்லாமல் குடிவரவு ஆலோசனை கொடுப்பது குற்றம். வக்கீல்களுக்கு அவர்கள் சங்கப் பதிவு, மற்ற ஆலோசகர்களுக்கு 2025 ஜனவரி முதல் இமிக்ரேஷன் அட்வைஸ் அத்தாரிட்டி என்று பெயர் மாறிய பழைய ஓஐஎஸ்சி-யின் பதிவு. பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்டதும் கோபப்படுகிறவரிடம் காசைக் கொடுக்காதீர்கள்.

“முடிவு எடுக்கப்பட்டது” என்று மெயில் வந்தது, என்ன முடிவு என்று இல்லையே?

பல சமயம் அப்படித்தான் வரும். பாஸ்போர்ட்டை மையத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள். கவரின் கனத்தைக் கைகளால் நிறுத்துப் பார்த்துக் குறி சொல்லும் மாமாக்கள் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்கள். தடிமனாக இருந்தால் உங்கள் அசல் பத்திரங்களும் உள்ளே இருக்கின்றன என்றுதான் அர்த்தம். திறந்ததும் மூன்றை மட்டும் பாருங்கள்: பெயர் எழுத்துக்கூட்டல், பிறந்த தேதி, விசா தொடங்கும் நாள். பிழை இருந்தால் பயணத்துக்கு முன் திருத்தக் கேளுங்கள்.

மறுத்துவிட்டால் கட்டிய பணம்?

விண்ணப்பக் கட்டணம் 1,938 பவுண்ட் போனதுதான். மருத்துவ சர்சார்ஜ் 3,105 பவுண்ட், ஆண்டுக்கு 1,035 வீதம் மூன்று ஆண்டுக்குக் கட்டியது, தானாகத் திரும்பி வரும்.

மறுப்புக் கடிதத்தை முழுதாக, நிதானமாகப் படியுங்கள். மனித உரிமை அடிப்படையில் மேல்முறையீடு செய்ய 28 நாள் உண்டு. விசாரணையோடு 140 பவுண்ட், தாள்களை மட்டும் வைத்து முடிவு கேட்டால் 80. விசாரணை வர மாதக்கணக்கில் ஆகும், ஆனால் அதற்கு முன்பே உள்துறை தன் முடிவை மறுபடி பார்த்து மறுப்பைத் திரும்பப் பெறுவதும் நடக்கிறது. ஒரு தாள் குறைந்ததுதான் காரணம் என்றால் புதிதாகப் போடுவது வேகம், செலவு அதிகம். “உங்கள் உறவை நம்பவில்லை” என்பது காரணமானால் புது ஃபாரத்திலும் அதே சந்தேகம் தொடரும். அங்கே மேல்முறையீட்டில் லண்டனில் இருப்பவர் நேரில் போய்ச் சாட்சி சொல்வதற்குத்தான் பலம் அதிகம்.

“எப்போ கூப்பிடுவான்?” என்று சொந்தக்காரர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

இதைத் தாங்குவது பெரும்பாலும் ஊரில் இருப்பவர்தான், அதிலும் மாமியார் வீட்டில் தனியாக இருக்கும் புதுப்பெண். லண்டனில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கேள்விக்குப் பதில் சொல்லும் வேலையை அவர் தலையில் கட்டாதீர்கள். உங்கள் அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள், தேதி சொல்லாமல் “இந்த மாதத்திலிருந்து இந்த மாதத்துக்குள்” என்று. சித்திரைக்குள் வந்துவிடுவாள் என்று வாய்தவறிச் சொன்னால், அதன்பின் ஒவ்வொரு நாளும் தாமதம் என்றே எண்ணப்படும். புதுப்பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் இருப்பது வசதி என்றால் அங்கே இருக்கட்டும், விசா விதிக்கு அதனால் ஒன்றும் இல்லை.

அழைக்கும் நேரத்தையும் கவனியுங்கள். கோடையில் நேர வித்தியாசம் நாலரை மணி. அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் ஐந்தரை. நீங்கள் இரவுச் சாப்பாடு முடித்து ஒன்பதுக்குக் கூப்பிட்டால் அங்கே குளிர்காலத்தில் விடிகாலை இரண்டரை. மதிய இடைவேளையில் பேசுங்கள்.

வந்ததும் வேலைக்குப் போகலாமா? அடுத்தது எப்போது?

போகலாம், எந்த வேலைக்கும். பிரிட்டன் விசா துறையான யூகேவிஐ-யின் இணையக் கணக்கைத் திறந்து ஈ-விசாவைப் பார்த்து, முதலாளி உங்கள் வேலை உரிமையைச் சரிபார்க்க உதவும் ஷேர் கோட் எண்ணை அவருக்குக் கொடுக்க வேண்டும். சர்சார்ஜ் கட்டியிருப்பதால் என்எச்எஸ் எனும் அரசு மருத்துவம் உண்டு, அரசு உதவித்தொகைகள் கிடையாது.

முதல் விசா 33 மாதம். அடுத்த நீட்டிப்பு 30 மாதம், அதற்கு ஏ2 எனும் அடிப்படை நிலை ஆங்கிலம். ஐந்து ஆண்டு முடிந்ததும் நிரந்தர வதிவிடம், அதற்கு ஏ2-க்கு அடுத்த நிலையான பி1 ஆங்கிலமும், பிரிட்டனின் வாழ்க்கை, வரலாறு பற்றிய ‘லைஃப் இன் தி யூகே’ தேர்வும். நீட்டிப்பை அவசரப்பட்டு முன்கூட்டியே போட்டால் கடைசியில் ஐந்து ஆண்டுக்குச் சில வாரம் குறையும். விசா முடிவதற்கு முந்தைய 28 நாளுக்குள் போடுபவர்களுக்கு அந்தச் சிக்கல் வருவதில்லை. அந்த விண்ணப்பத்துக்கும் ஆறு மாத பே ஸ்லிப் வேண்டும். ஆனால் இந்த முறை இங்கே வந்து வேலை செய்யும் மனைவியின் சம்பளமும் கணக்கில் சேரும்.